ராஜ்தூத் 350-ல் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: இரண்டு சாரல் சீசனுக்குப் பிறகு

செங்கோட்டையில் கிளம்பி, புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்வரும் ராஜ்தூத் 350-ல் போட்டுப் பார்த்த எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் இது. பழைய பாயிண்டின் வேலையை இதில் ஒரு சென்சாரும் ஒரு டிரான்சிஸ்டர் பாக்ஸும் பார்க்கும். போட்டால் வண்டி பறக்கும் என்பார்கள். பறக்காது; டாப் ஸ்பீடு அதேதான். வைத்த டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைத்த இடத்திலேயே நிற்கும். கொடுத்த காசுக்கு அதுதான் பலன்.

1983-ல் வந்த இந்த வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட், கண்டன்சர், காயில். பாயிண்ட் என்பது கிராங்க்கோடு சுற்றும் கேம் திறந்து மூடும் சுவிட்ச்; அது திறக்கும்போதுதான் காயில் பொறி தரும். பாயிண்ட் கேப் (திறக்கும் இடைவெளி) 0.3 முதல் 0.4 மி.மீ. கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய கேப் குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் ரிடார்டு ஆகும், அதாவது பொறி பிந்தி விழும். இரண்டும் ஒரே அளவாகவும் தேயாது. ஒரு பக்கம் இழுக்கும், மறுபக்கம் சோம்பும்.

கழற்றும்போதே பாயிண்ட் பிளேட்டுக்குப் பின்னால் ஆயில் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இடது கிராங்க் சீல் போய்விட்டது. அந்த வழியாகக் காற்று இழுத்து, லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடி, பிஸ்டன் பிடிக்கும். கிட் அதைச் சரிசெய்யாது. கிராங்க்கில் ஆட்டம் இருந்தாலும் பேரிங் வேலைதான் முதலில். கிராங்க் ஆடினால் சென்சார் கேப்பும் கூடவே ஆடும்.

கேம் இருந்த இடத்தில் காந்த ரோட்டர், பிளேட் இருந்த இடத்தில் சென்சார் பிளேட். மாட்டுவது அரை மணி நேர வேலை, டைமிங்தான் பொறுமை கேட்கும். பிளக் ஓட்டையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உச்சியில் பூஜ்யம் வையுங்கள். கிராங்க்கை 3 மி.மீ. வரை பின்னால் சுற்றி, திரும்ப முன்னோக்கி, உச்சிக்கு 2.0 மி.மீ. முன்பு வரை வாருங்கள். பொறி விழ வேண்டியது அங்கேதான். நேராக 2.0-ல் நிறுத்தினால் ரீடிங் ஏமாற்றும். 2 மி.மீ. என்பது சுமார் 20 டிகிரி, 0.1 மி.மீ. தவறினால் அரை டிகிரி. ஃபீலர் கேஜும் கண் மதிப்பும் இங்கே போதாது. சைலன்சர் மாற்றிய வண்டிக்கு 1.8 போதும். இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாகப் பாருங்கள், பிறகு ஓடும் இன்ஜினில் ஸ்ட்ரோப் லைட் அடித்து ஒருமுறை.

நிறைய பேர் கிட்டின் பாக்ஸைக் கருக்குவது தப்பான காயிலால். கிடைக்கிறதே என்று ஆர்எக்ஸ் 100 காயிலை மாட்டுகிறார்கள். அது சிடிஐ (கண்டன்சரில் சேர்த்த கரண்டை ஒரே அடியாகக் காயிலில் விடும் இக்னிஷன்) காயில், பிரைமரி ஒரு ஓமுக்கும் கீழே. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் பாக்ஸுக்கு அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். மீட்டரில் 3, 4 ஓம் காட்டும் காயில்தான் வேண்டும். பிளக் பி8எச்எஸ் நம்பர், பிளக் மேல் மாட்டும் கேப் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஸ்பார்க்கின் இரைச்சல் சென்சாரைக் குழப்பி, ஹை ஆர்பிஎம்மில் மிஸ்ஸிங் வரும். சென்சார் வயரை ஆல்டர்னேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டினாலும் இதே கதை.

இனி பெரிய தலைவலி: வோல்ட்டேஜ். பேட்டரி டல்லாக இருந்தாலும் பாயிண்ட் எப்படியோ ஓட்டிவிடும். பாக்ஸ் அப்படி இல்லை. ஓர் அளவுக்குக் கீழே போனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். மலை ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஹெட்லைட் போட்டு ஊர்ந்தால் சார்ஜ் ஏறாது, மிஸ்ஸிங் ஆரம்பிக்கும். உடனே கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்து பாக்ஸுக்குப் போகும்போது 11 என்றால், குற்றவாளி பழைய சாவி சுவிட்சும் கில் சுவிட்சும்தான். உள்ளே பச்சை பூத்திருக்கும். ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக நேரே கரண்ட் கொடுத்தால் தீர்ந்தது. எர்த்தை பெயின்ட் சுரண்டிய இடத்தில் போடுங்கள். சாவியை ஆனில் விட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள்; ஸ்பார்க் இல்லாமலே ஒரு காயில் 3 ஆம்பியர் குடிக்கும்.

சாரலில் கிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கனெக்டர்களுக்குத்தான் ஆனது. கிரீஸ் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டதும் அடங்கியது. பிளக் கேப் கசிகிறதா என்று இருட்டில் பாருங்கள், நீலமாகப் பொறி ஓடும்.

பழைய பாயிண்ட் பிளேட்டை வீசாதீர்கள். டைமிங் சரியாக இருந்தபோதே கேசிங்கிலும் பிளேட்டிலும் ஒரு கோடு கீறி, கேமோடு டூல்ஸ் பைக்குள் போட்டு வையுங்கள். பாக்ஸ் போனால் தென்மலைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் கிடைக்கிற சாமான் இல்லை.