மேசை ஓரத்தில் ஒரு பிஸ்கட்: ‘அன் கலீன் கியூன்’

‘அமைதியான சிறுமி’ என்பதுதான் 2022இல் வெளியான இந்த ஐரிஷ் மொழிப் படத்தின் தலைப்புக்குப் பொருள். இயக்கம் கோல்ம் பரேட். சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம்பிடித்த முதல் ஐரிஷ் மொழிப் படம்.

கதை 1981இல் அயர்லாந்துக் கிராமப்புறத்தில் நடக்கிறது. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் யார் கண்ணிலும் படாமல் வளரும் ஒன்பது வயது காட்ச், கோடைக்கு அம்மா வழி உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அந்த வீட்டுப் பெண் எவ்லீன் அவள் தலையை வாருகிறாள். ஒவ்வொரு வாரலையும் நூறுவரை எண்ணுகிறாள். முகம் கொடுத்துப் பேசாத அவள் கணவர் ஷான், போகிற போக்கில் மேசையில் ஒரே ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு நகர்கிறார். அந்தப் பிஸ்கட் போதும், மனசு கரைந்துவிடுகிறது.

சப்டைட்டிலை மட்டும் நம்பினால் ஒன்று தவறிப்போகும். காட்ச்சின் அப்பா பேசுவது ஆங்கிலம். அன்பு கிடைக்கும் வீட்டில் ஐரிஷ். காதையும் தீட்டி வையுங்கள்.

கேட் மெக்கல்லாவின் ஒளிப்பதிவு கிட்டத்தட்ட சதுரமான 1.37:1 சட்டகத்தில். டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது கோளாறல்ல. ஜூம் செய்து திரையை நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும், சிறுமியின் குறுகிய உலகமும் கலைந்துபோகும்.

ஓட்டம் சுமார் 95 நிமிடம். முதல் இருபது நிமிடம் மெதுவாகத்தான் நகரும். அங்கே ஓட்டிவிட்டுப் பார்த்தால், பின்னால் அவள் தபால்பெட்டிக்கு ஓடும் ஓட்டத்தின் வேகம் உங்களைத் தொடாது.