கீக்பெஞ்சில் முந்துகிற ரோம், கேமில் ஏன் திணறுகிறது?

ஆண்ட்ராய்டு போனில் ஏற்றும் சிஸ்டம் மென்பொருள்தான் ரோம். கம்பெனியே போட்டுத் தரும் ஸ்டாக், தன்னார்வலர்கள் உருவாக்கும் லினேஜ்ஓஎஸ், வேகத்துக்காக மையப் பகுதியை மாற்றிய ‘பெர்ஃபார்மன்ஸ் கர்னல்’ போட்ட ரோம். மூன்றில் எது வேகம் என்று நண்பர் கேட்டிருக்கிறார். ஒரே போனில் மூன்றையும் மாதக்கணக்கில் ஓட்டியதை வைத்துச் சொல்கிறேன்: சிப்பின் வேகத்தை அளந்து ஸ்கோர் போடும் கீக்பெஞ்ச் ஆப்பில் மூன்றாவதுதான் முதலிடம். எனக்கு எரிச்சலே அதில்தான்.

கீக்பெஞ்ச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிப் நன்றாகச் சூடேறும் முன்பே ஸ்கோர் வந்துவிடுகிறது. மூன்றாவது மாதிரி ரோம்களில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மல் கான்ஃபிக்கில் கை வைத்து, சிபியூ வேகத்தைக் குறைக்கவேண்டிய வெப்ப வரம்பை உயர்த்தியிருப்பார்கள். விரல் பட்டதுமே சிபியூவின் கிளாக் வேகம் உச்சத்துக்குத் தாவும்படி, அதை ஏற்றி இறக்கும் கவர்னரையும் டியூன் செய்திருப்பார்கள். சிப் அதேதான். கடன் வாங்கிய வேகம் இது. பத்து நிமிடம் கேம் ஆடினால் வட்டியோடு வசூலித்துவிடும். ஃபிரேம் விழும், போனைக் கையில் பிடிக்க முடியாது.

சந்தேகம் இருந்தால், கிராஃபிக்ஸ் திறனை அளக்கும் 3டிமார்க் ஆப்பின் வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்டை ஓட்டுங்கள். ஒரு நிமிடச் சுற்றுகள் 20. முதல் சுற்றின் ஸ்கோரை விடுங்கள். ஸ்டெபிலிட்டி சதவீதத்தைப் பாருங்கள். ஆகக் குறைந்த சுற்று, ஆக உயர்ந்த சுற்றில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. டெஸ்டுக்கு முன்னும் பின்னும், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லில் ‘டம்ப்சிஸ் பேட்டரி’ கொடுங்கள். டெம்பரேச்சர் 312 என்று வந்தால் 31.2 டிகிரி. மூன்று ரோமையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் தொடங்க வேண்டும். சார்ஜரிலிருந்து உருவிய கையோடு ஓட்டிய ஸ்கோர் செல்லாது.

ரோமை ஃபிளாஷ் செய்த, அதாவது போனில் ஏற்றிய, அன்றே ஒப்பிடுவதும் வீண். ஆப்களை ஓட்டும் ஆண்ட்ராய்டின் ஏஆர்டி, அவை வேகமாக ஓடும்படி இன்னும் கம்பைல் செய்து முடித்திருக்காது. போன் சார்ஜில் சும்மா கிடக்கும்போதுதான் அந்த வேலை நடக்கும். இரண்டு மூன்று ராத்திரி போகட்டும். அதேபோல ஜிஆப்ஸ் (பிளே ஸ்டோர் போன்ற கூகுள் ஆப்கள்) இல்லாத லினேஜையும் ஜிஆப்ஸோடு வரும் ஸ்டாக்கையும் பக்கத்தில் வைத்து, ‘பேட்டரி பிரமாதம்’ என்பது நியாயமே இல்லை.

சிக்னல் போனால் ரோமைத் திட்டுவதும் வழக்கமாகிவிட்டது. பல போன்களில், சிக்னலைக் கையாளும் மோடம் ஃபர்ம்வேர் ரோமின் ஜிப் ஃபைலோடு வராது. அந்த ரோம் எந்த ஃபர்ம்வேர் பதிப்பைக் கேட்கிறதோ அதை முதலில் ஏற்றிவிட்டு ஃபிளாஷ் செய்யுங்கள்.

லினேஜ்? கீக்பெஞ்சில் ஸ்டாக்கோடு கிட்டத்தட்ட சமம், பெருமையடிக்க ஒன்றுமில்லை. ஆனால் இருபதாவது சுற்றிலும் பெரிதாகச் சரியவில்லை. பின்னணியில் தேவையில்லாத ஆப் கூட்டம் இல்லாததால் ஸ்க்ரோல் தடங்கவில்லை, ரீசன்ட்ஸ் பட்டியலில் விட்ட ஆப் விட்ட இடத்திலேயே இருக்கிறது. தினசரி ஓட்டத்துக்கு இதைவிடச் சுகமானது மூன்றில் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில்: ஸ்டாக்கிலேயே இருங்கள். வேறு ரோம் போட பூட்லோடர் என்ற பூட்டைத் திறக்க வேண்டும்; அதை அன்லாக் செய்ததும், போன் நம்பகமானதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டக்ரிட்டி முறைக்கும், வங்கி ஆப் எப்போது வேண்டுமானாலும் மக்கர் பண்ணும். சில போன்களில், வீடியோ நகலெடுப்பைத் தடுக்கும் வைட்வைன் பாதுகாப்பு நிலை எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கி, ஸ்ட்ரீமிங் 480பி-யோடு நின்றுவிடும். கேமராவும் பழைய மாதிரி வராது. இதையெல்லாம் எந்த பெஞ்ச்மார்க்கும் சொல்லாது. கம்பெனி அப்டேட்டை நிறுத்திய, இரண்டாவதாக வைத்திருக்கும் போன் என்றால் தாராளமாக லினேஜ் போடுங்கள். அந்த மூன்றாவது ரோமின் ஜிப்பை மட்டும் டவுன்லோடு ஃபோல்டரிலிருந்தே அழித்துவிடுங்கள்.