பாம்புக்குக் கட்டிய மீன் வலை

தங்கை வீட்டுக்காரர் பாகூரில் வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறார். பின்பக்கம் வயல், வயலைத் தாண்டினால் ஏரி. போன வாரம் போன் செய்து, "மச்சான், உங்க வீட்டுக் கொல்லையில கட்டியிருக்கீங்களே மீன் வலை, பாம்புக்கு நல்லா நிக்குதா? இங்க ஒருத்தர் பாதி விலைக்குத் தர்றேங்கறார்" என்றார். "வேண்டாம் மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் போனில் அடங்காது. அதோடு, அன்று காலையில்தான் அந்த வலையோடு ஒரு மல்லுக்கட்டு முடிந்திருந்தது. கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்றும் இருந்தது. கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

வலையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். கடலூர் முதுநகர்ப் பக்கம் கிலோ கணக்கில் வாங்கிய பழைய நைலான் வலை. கண் ஏறக்குறைய ஓர் அங்குலம். கடலோர ஊர்களில் தோட்டத்துக்கும் கோழிக்கும் இதைக் கட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீடு கெடிலம் ஆற்றுக்குப் பக்கம். பின்னால் வரிசையாகக் காலி மனைகள், சீமைக் கருவேலம், யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அது கொட்டிய மழையும் அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளமும் வடிவதற்குள் பாம்புகள் மேட்டைத் தேடி ஊருக்குள் வந்துவிட்டன. எங்கள் பின்படிக்கட்டிலேயே ஒரு நல்ல பாம்பு சுருண்டு கிடந்தது. அதற்கப்புறம் கட்டியதுதான் இந்த வலை.

அதற்கு முன்னால் அம்மாவின் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைப்பூண்டை இடித்துத் தண்ணீரில் கரைத்து மூலைக்கு மூலை தெளிப்பது, பினாயில் ஊற்றுவது, வேலி ஓரமாகச் சிறியாநங்கை நடுவது. பூண்டுக் கரைசல் ஒரு மழைக்குத் தாங்காது. சிறியாநங்கை நன்றாகவே வளர்ந்தது. அந்தச் செடிக்கு அடியிலிருந்துதான் முழு நீளப் பாம்புச் சட்டை ஒன்றை எடுத்தேன். அம்மாவிடம் காட்டியபோது, "செடி இருந்ததால தான் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஓடியிருக்கு" என்றார். இதற்கு மேல் நான் என்ன பேச?

பாம்பை விரட்டும் என்று சொல்லி விற்கிற, மண்ணில் நட்டால் ஒலி எழுப்பும் சோலார் குச்சி வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எதிர்வீட்டில் இருக்கிறது, தினமும் கேட்கிறேன். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஈனமாக முனகும். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தாடை எலும்பு வழியாக அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் உணரும். மனிதக் காதுக்கே எட்டாத அல்ட்ராசோனிக் ஒலி பாம்புக்கும் எட்டாது. நிலத்தை அதிர வைக்கும் வகைக்கும் கொஞ்ச நாளில் பாம்பு பழகிவிடும். ரயில்வே லைன் ஓரத்திலேயே குடியிருக்கிற பிராணி, குச்சியின் முனகலுக்கா ஊரைக் காலி செய்யும்?

சரி, வலைக்கு வருவோம். கம்பி வலை போடாமல் நைலானுக்குப் போனதற்குக் காரணம் விலை மட்டுமில்லை. எங்கள் ஊர்க் கடற்காற்றில் சாதாரண ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) சீக்கிரமே துருப்பிடித்து, கையால் அமுக்கினாலே பொடியாகும். நைலானுக்கு அந்தக் கவலை இல்லை. வெயிலுக்குக் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். நாலு சவுக்குக் கம்பு நட்டு, கீழ் ஓரத்தை மண்ணில் புதைத்து, மேலே இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. கட்டிய பிறகு பின்படிக்கட்டில் பெரிய பாம்பு எதையும் பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அம்மா நிம்மதியாகக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீரை ஆய்கிறார்.

பிரச்சினை என்னவென்றால், இந்த வலை பாம்பை விரட்டவில்லை. பிடிக்கிறது.

பாம்பு தலையை நுழைக்கும். தலை போய்விடும். உடம்பு கொஞ்ச தூரம் போகும். பருத்த இடம் வந்ததும் நிற்கும். பின்னால் இழுத்தால் வர முடியாது, ஏனென்றால் செதில்கள் எல்லாம் வாலைப் பார்த்துப் படிந்தவை. பின்னோக்கி இழுக்கும்போது ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் நூல் போய் மாட்டிக்கொள்ளும். அது முறுக்கும், பக்கத்துக் கண்ணும் சேர்ந்து சுற்றும். விடிய விடிய இதேதான். காலையில் நாம் பார்க்கும்போது பாம்பு எங்கே முடிகிறது, வலை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது.

போன வாரம் மாட்டியது ஒரு சாரை. ஆள் நீளம் இருக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம், வேறு அழைப்பில் இருந்தார்கள். பாம்பு பிடிக்கப் பயிற்சி எடுத்த பையன் ஒருவன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான், அவன் வந்தான். முதல் வேலையாகப் பழைய துண்டைக் கேட்டு வாங்கித் தலையை மூடினான். "அண்ணே, நகம் வெட்டுற சின்னக் கத்தரி இருக்கா? பெரிய கத்தரி உள்ள போகாது." பெண்ணின் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு. வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரிந்தது, நூல் தோலுக்கு மேலே இல்லை; செதிலை நெம்பிக்கொண்டு உள்ளே இறங்கி, அந்த இடம் பிதுங்கி நின்றது. அவன் கத்தரியின் மொட்டை முனையைச் செதிலுக்கும் நூலுக்கும் நடுவே நுழைத்து, ஒவ்வொரு நூலாக நறுக்கினான். ஒவ்வொரு நறுக்குக்கும் உடம்பு ஒரு தடவை விம்மி அடங்கும். சாரை பயந்தால் விடுகிற நாற்றம் வேறு, இரண்டு தடவை குளித்தும் கையை விட்டுப் போகவில்லை. சூரியன் ஏறும்வரை அவன் நிமிரவே இல்லை. பாம்பைச் சுற்றிப் பூணூல் போட்டது மாதிரி ஒரு தழும்பு. பிழைத்துக்கொள்ளும் என்றான். காலி மனைப் பக்கம் கொண்டுபோய் விட்டான். பணம் கொடுத்தால் வாங்கவில்லை.

இது முதல் தடவை இல்லை. முன்பு ஒன்று நாங்கள் வெளியூர் போயிருந்தபோது மாட்டி, வெயிலில் காய்ந்தே செத்திருந்தது. அதுவும் சாரைதான். ஓணான், தவளை கணக்கெல்லாம் தனி. பாம்பைக் கொல்வது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சட்டம் கிடக்கட்டும், எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில்.

மாட்டுவது எல்லாமே தப்பான ஆள். சாரைக்கு விஷம் கிடையாது, அதன் சாப்பாடே எலி. சாரை செத்த பிறகு எங்கள் விறகுக் குவியலில் எலி பெருகிய வேகம் இருக்கிறதே! ராத்திரி சமையலறை ஓடு வரை சத்தம். எலி பெருகினால் அடுத்து வருவது நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். ஒரே ஈட்டில் 20, 30 குட்டிகள் சாதாரணம். பிறக்கும்போது ஒரு சாண் நீளம்; பல்லில் விஷம் பிறந்த அன்றே தயார். அந்த மொத்தக் குடும்பமும் என் ஒரு அங்குலக் கண்ணில் வரிசையாக நுழைந்து போகலாம், ஒன்றுகூட மாட்டாது. அதாவது, எலியைத் தின்கிற பெரிய பாம்பை நிறுத்தி வைத்து அறுக்கிறது, விஷக் குட்டிக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. இதற்குப் பெயர் பாம்பு வேலியாம்.

உண்மையான பாம்பு வேலிக்குக் கண் கால் அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தலையே நுழையாது, மாட்டவும் மாட்டாது. கீழே அரையடி புதைந்திருக்க வேண்டும், மேல்பகுதி வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், ஓரத்தில் செடி கொடி படரக் கூடாது. கொல்லை முழுக்க அப்படிப் போட ஆகும் செலவைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். துருப்பிடிக்காத எஃகு வலை என்றால் இன்னும் மேலே. கிணற்றடியோ கோழிக்கூடோ, சின்ன இடமாக இருந்தால் செய்யலாம்.

கட்டுவிரியனுக்கு எந்த வேலியும் பதிலில்லை. ராத்திரி நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்கல் என்று ஆரம்பித்தால்தான் தெரியும். அதற்கு வழி கட்டிலும், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும்தான். கடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், கட்டுப் போடாமல், கீறாமல், கையைக் காலை அசைக்காமல் நேரே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ ஜிப்மரோ போய்விட வேண்டும்.

எங்கள் வீட்டில் உண்மையிலேயே வேலை செய்தது எது என்று கேட்டால், பார்க்கவே லாயக்கில்லாத சில்லறைச் சாமான்கள். கொல்லைக் கதவுக்கு அடியில் ஒரு ரப்பர் பட்டை. கதவுக்கும் தரைக்கும் நடுவே சுண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அது போதும் அவற்றுக்கு. குளியலறைத் தண்ணீர் வெளியே போகிற குழாய் வாயில் ஒரு ஜாலி. மாடிக் குழாயை ஒட்டி ஏறியிருந்த மல்லிகைக் கொடியை வெட்டியது. தேங்காய் மட்டையையும் விறகையும் சுவரை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, கல் மேல் பலகை போட்டு அடுக்கியது. கோழித் தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் வைத்தது. எலி குறைந்தது அதற்கப்புறம்தான். ரப்பர் பட்டையின் விலை, நான் வலைக்குக் கொடுத்ததில் ஒரு மூலைக்குக்கூட வராது. இதையெல்லாம் யாரும் பாதி விலைக்குத் தருகிறேன் என்று கூவி விற்பதில்லை.

ஆனால் வலையைக் கழற்றினேனா என்றால், இல்லை.

காரணம் கீரை. வலை கட்டும்வரை அம்மா போட்ட முளைக்கீரைப் பாத்தியை வேறு யாரோவின் ஆடுகள்தான் அறுவடை செய்துகொண்டிருந்தன. வலை வந்த பிறகு முளைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி என்று கொல்லையே பச்சையாக நிற்கிறது. கடைக் கீரை வாங்கி எவ்வளவோ நாளாகிறது. தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தும் மிஞ்சுகிறது. பாம்புக்கு இந்த வலைக்குப் பூஜ்யம்தான் போடுவேன். ஆட்டுக்கு நூற்றுக்கு நூறு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பாஸ் மார்க் வரும் என்று என் பெண் சொல்கிறாள். அப்படியெல்லாம் வகுக்க முடியாது.

அந்தப் பையன் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனான்: வலையைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் பாம்பு அடியில் புகுந்து போய்விடும், மாட்டாது. அன்று சாயங்காலமே மண்ணைத் தோண்டிக் கீழ் ஓரத்தைப் பிடுங்கி மேலே சுருட்டிக் கட்டினேன். ஆகப் பாம்பை நிறுத்த வாங்கிய வலையைப் பாம்பு போக வசதியாக மாற்றிக் கட்டியிருக்கிறேன். அடியில் நுழைய ஆட்டுக்கு இன்னும் வழி தெரியவில்லை, கொம்பு தடுக்கிறது.

கோழிக்கு வழி தெரிந்துவிட்டது. இரண்டே நாளில் பொன்னாங்கண்ணிப் பாத்தி காலி. அம்மா பழையபடி வலையை இறக்கு என்கிறார். மார்கழி தாண்டட்டும், பாம்பு நடமாட்டம் குறையும்போது பார்க்கலாம் என்கிறேன். "உனக்குப் பாம்பு பெருசா, கீரை பெருசா?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு என் பதில் அதேதான்: பாகூரில் இதைக் கட்ட வேண்டாம், ரப்பர் பட்டையை வாங்குங்கள். கீரைப் பாத்தி போடுகிற எண்ணம் இருந்தால் மட்டும் மறுபடி ஒரு போன் போடுங்கள்.