அடைக்க வழிவிடும் கடன்: எங்கள் வட்டாரச் சிக்கன கடனுதவு சங்கத்தின் சேவை பற்றிய மதிப்பீடு

கடன் கொடுக்கும் இடங்களைப் பற்றித் திருகோணமலையில் யாரிடம் விசாரித்தாலும், காசு எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையே முதலில் சொல்வார்கள். நகரில் தொங்கும் விளம்பரப் பலகைகளும் அதையே சொல்கின்றன: ஒரே நாளில் லீசிங், அரை மணி நேரத்தில் நகை அடகு, சொத்துப் பிணை கேட்காத குழுக்கடன். வாங்கிய கடனை அடைத்து முடிப்பதற்கு அந்த இடம் எவ்வளவு வழிவிடுகிறது என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. எங்கள் வட்டாரத்துச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த கடனை அண்மையில் முழுமையாகக் கட்டி முடித்துவிட்டதால், அதன் சேவையை இந்த ஒரு கோணத்திலிருந்தே எழுதுகிறேன். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது, செயலாளர் அக்காவோ எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருக்கிறார். ஆகவே சங்கத்தின் பெயரை எழுதவில்லை.

கடன் எதற்காக எடுக்கப்பட்டது என்பதைச் சொன்னால்தான் மதிப்பீடு விளங்கும். எங்களுடையது மீன்பிடிக் குடும்பம். கணவருடைய பைபர் படகின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 இல் மாதக்கணக்கில் எரிபொருள் கிடைக்காமல் படகு கரையேறிக் கிடந்த பின்னர், அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாயாக உயர்ந்தது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியிருந்ததால், ஆண்டின் பிற்பகுதியில் வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளர்களிடமே 25 வீதத்துக்கு மேல் வட்டி கேட்டன. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அப்போது எங்கள் தலையில் இருந்தவை என் பெயரிலான இரண்டு குழுக்கடன்கள், நிதி நிறுவனமொன்றுக்குக் கட்ட வேண்டிய எஞ்சின் தவணை, வங்கியில் ஈடு வைத்த காப்புகள், மீன் முதலாளியிடம் வாங்கிய முற்பணம் ஆகியவை. கடைசியாகச் சொன்னதற்கு எழுத்தில் வட்டி கிடையாது. பிடிபடும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்பதால், அந்த வட்டி தராசிலேயே கழிந்துவிடும்.

குழுக்கடன்களையும் எஞ்சின் தவணையையும் முடித்து ஒரே கடனாக்குவதற்குச் சங்கத்திடம் 240,000 ரூபாய் கேட்டேன். அங்கத்தவராகிப் பங்கு வாங்கி ஆறு மாதம் தவறாமல் சேமித்திருக்க வேண்டும், அங்கத்தவர் இருவர் பிணை நிற்க வேண்டும், மாதாந்தக் குழுக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டும் என்பவை நிபந்தனைகள். நான் முன்னரே அங்கத்தவராக இருந்ததால் சேமிப்புக் காலம் தடையாகவில்லை. பிணைக்கு ஆள் தேடுவதுதான் கடினமாக இருந்தது. அதைப் பற்றிப் பின்னர்.

சங்கம் என்னிடம் அறவிட்ட வட்டி மாதத்துக்கு ஒன்றரை வீதம். இதைக் கேட்டவுடன் "கம்பனிக்காரரும் அதே ஒன்றரைதானே சொல்கிறார்கள்" என்று என் மைத்துனி சொன்னார். ஒன்றரை ஒன்றாயிருந்தாலும் கணக்கு ஒன்றல்ல என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதியில் பலரும் ஏமாறும் இடம் இதுவே. சங்கத்தில் வட்டி, குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் கணிக்கப்படுகிறது. 240,000 ரூபாயை 24 மாதங்களில் கட்டுவதென்றால், மாதந்தோறும் கடன் முதலிலிருந்து 10,000 ரூபாய் கழியும். முதல் மாத வட்டி 3,600, இரண்டாம் மாதம் 3,450, இப்படி மாதத்துக்கு 150 ரூபாய் குறைந்துகொண்டே வந்து கடைசி மாதத்தில் வெறும் 150 ரூபாயில் முடியும். முழு வட்டி 45,000 ரூபாய். நிதிக் கம்பனிகள் 'பிளாட்' என்று சொல்லும் முறையிலோ, நீங்கள் எவ்வளவு கட்டி முடித்திருந்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே கணிக்கப்படும்: மாதம் 3,600 ரூபாய், 24 மாதமும் மாறாமல், ஆக மொத்தம் 86,400. முதல் மாதத் தவணை இரண்டிலும் 13,600 ரூபாயாகவே இருப்பதால், கையெழுத்து வைக்கும் நாளில் எந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது. கடைசி மாதத்தில் ஓரிடத்தில் 10,150 கட்டுவீர்கள், மற்ற இடத்தில் அதே 13,600. ஆண்டுக்கு 18 வீதம் என்று பத்திரத்தில் எழுதப்படும் பிளாட் வட்டியை மீதிக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் 31 வீதத்துக்கு மேல் வரும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, தவணையைக் கடலின் காலத்துக்கு ஏற்ப மாற்றித் தந்ததுதான். நவம்பரில் வாடைக்காற்று தொடங்கினால் பெப்ரவரி வரை சிறு படகுக்காரர்களுக்கு வருமானம் அருந்தலாகவே இருக்கும். ஆனால் குழுக்கடன்காரருக்கு வாரத்தில் ஒரு நாள், மழையானாலும் செத்த வீடானாலும், முற்றத்தில் கூட்டம் கூடியே ஆக வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டியே ஆக வேண்டும். சங்கத்தில் அந்த நான்கு மாதங்களும் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்ட அனுமதித்தார்கள். "தங்கச்சி, மாரிக்கு வட்டியை மட்டும் போடுங்கோ, மீன் படுகிற நேரம் கையில இருக்கிறதைக் கொண்டுவந்து முதலில கழியுங்கோ" என்று செயலாளர் அக்கா சொன்னதை எழுத்திலும் போட்டுத் தந்தார். இச்சலுகையால் கடன் நீண்டு, எங்கள் மொத்த வட்டி மேலே சொன்ன 45,000 ஐச் சற்றுத் தாண்டியது உண்மைதான். ஆனால் நெத்தலியும் சூரையும் நன்றாகப் பட்ட மாதங்களில் கூடுதலாகக் கட்டிய ஒவ்வொரு ஆயிரமும் அடுத்த மாத வட்டியில் உடனே பதினைந்து ரூபாயைக் குறைத்தது; முன்கூட்டிக் கட்டியதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. எஞ்சின் தவணையை முடிக்கப்போன நிதி நிறுவனத்தில் மீதி முதலுடன் இனி வரவிருந்த வட்டியில் ஒரு பகுதியையும், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். கடனை முடிக்க வந்தவரைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இனிக் குறைகள். அலுவலகம் வார நாட்களில் காலையில் மட்டுமே திறக்கிறது. கடற்கரையில் மீன் விற்று முடியும் நேரத்தில் அதுவும் பூட்டப்பட்டுவிடும். வங்கிக் கணக்கு வழியாகக் கட்ட வசதியில்லை, தொலைபேசியில் குறுஞ்செய்தி வராது, எல்லாம் கைப்பட எழுதும் பற்றுச்சீட்டு. ஒருமுறை என் புத்தகத்தில் பதிந்திருந்த தவணைப் பணம் அவர்களுடைய பேரேட்டில் ஏறாமல் விடுபட்டிருந்தது. பற்றுச்சீட்டைக் காட்டியதும் திருத்தினார்கள் என்றாலும், சீட்டைத் தொலைத்தவர் என்ன செய்வார்? ஆகவே இங்கே கடன் எடுப்பவர்கள் ஒவ்வொரு சீட்டையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது அவசியம்.

பிணை முறையே இதன் மிகப் பெரிய பாரம். உங்கள் கடன் எவ்வளவு, எந்த மாதம் பிந்தினீர்கள் என்பதெல்லாம் பிணை நிற்பவருக்குத் தெரியும். அவர் பெரும்பாலும் உறவினராக இருப்பதால் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அந்தக் கணக்கு பார்வையிலேயே வந்து நிற்கும். நிலுவையாளர் பெயர்களைப் பொதுக்கூட்டத்தில் உரத்து வாசிக்கும் வழக்கமும் இன்னும் இருக்கிறது. இதனால்தான் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று நிர்வாகத்தினர் வாதிடுகிறார்கள். அது ஓரளவு உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் விதவைப் பெண்ணொருவரின் பெயரை அப்படி வாசிக்கக் கேட்டபோது எனக்கு அது பொறுக்கவில்லை.

அவசரத்துக்கு இந்த இடம் உதவாது. வைத்தியசாலைச் செலவோ திடீர்ப் பயணமோ வந்தால் மாதக் கூட்டம் வரை காத்திருக்க முடியாது. அதற்கு வங்கி அடகுதான் வழி, நகை இருப்பவர்களுக்கு. ஈட்டைப் பொறுத்தவரை பகுதி பகுதியாக முதலைக் கட்ட விடுகிறார்களா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் காப்புகளை அப்படித்தான், சங்கக் கடன் முடியும் தறுவாயில் மிஞ்சிய காசைக்கொண்டு சிறிது சிறிதாக மீட்டோம்.

கடன் முடிந்த பின் செய்ய வேண்டிய ஒன்றையும் சேர்க்கிறேன். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், அதாவது எல்லாரும் 'கிரிப்' என்று சொல்வது, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களை வைத்திருக்கிறது. பழைய எஞ்சின் தவணை முடிந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பதிவு திருத்தப்படாவிட்டால் அடுத்த தடவை வங்கியில் அந்தக் கடிதத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும். எங்கள் சங்கமோ அந்தப் பணியகத்துக்கு விவரம் அனுப்புவதில்லையாம். ஆகவே இங்கே ஒழுங்காகக் கட்டிய நற்பெயர் சங்கத்தின் வாசலைத் தாண்டி எங்கும் செல்லாது என்பது ஒரு குறைதான், குறிப்பாகப் பின்னர் வீட்டுக்கடன் கேட்க நினைப்பவர்களுக்கு.

வருமானம் காலத்துக்குக் காலம் ஏறி இறங்கும் மீனவர், கமக்காரர், நாள்கூலிக்காரர் ஆகியோர் பல கடன்களை ஒன்றாக்கி முடிக்க நினைத்தால், இப்படியான சங்கத்தை முதலில் விசாரிக்கும்படி சொல்வேன். மாதச் சம்பளம் நிச்சயமாக வருபவர்களுக்கு, வட்டி இறங்கியிருக்கும் இக்காலத்தில், வங்கியே வசதியாக இருக்கக்கூடும். கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாரத்தில் இரண்டு நாளாவது மாலையிலும் அலுவலகத்தைத் திறக்க வேண்டும், நிலுவையாளர் பெயர்களை வாசிப்பதை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சில பெண்கள் சேர்ந்து பிரேரணை கொடுத்தோம். முதலாவது பரிசீலனையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.