குரல்நாண் தழும்புக்கு ஊசியா, புதுத் திசுவா?

திருவையாறு, கும்பகோணம் பக்கம் தொண்டை கட்டினால் சுக்கு, மிளகு, அதிமதுரம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சாதாரணக் கரகரப்புக்குச் சரி. ஆனால் குரல்நாணில் தழும்பு விழுந்துவிட்டால் கஷாயம் அதைக் கரைக்காது. மேல்தோலுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற அடுக்கு, பாடும்போது வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர வேண்டியது, கொலாஜன் என்ற நார்ப் புரதம் கூடி விறைத்துப்போயிருக்கும்.

ஜப்பானில் மருத்துவர்கள் எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியை, அதாவது செல்களைத் தூண்டிவிடும் ஒரு புரதத்தை, அந்த இடத்திலேயே ஊசியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கிருக்கும் செல்களே திசுவை ஈரமாகவும் மென்மையாகவும் வைக்கும் ஹையலுரோனிக் அமிலத்தை அதிகமாகச் சுரந்து, கொலாஜனைக் குறைக்கும். ஊசி போட, அந்த இடம் மட்டும் மரத்துப்போகும் மருந்து போதும். ஆனால் ஓரளவாவது நல்ல செல்கள் மிச்சம் இருக்க வேண்டும்.

அடுக்கே போய்விட்டவர்களுக்கு? அங்கேதான் இரண்டாவது வழி. 2015-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மனிதக் குரல்நாண் செல்களைக் கொலாஜனால் ஆன சட்டகத்தில் இரண்டு வாரம் வளர்த்தார்கள். அந்தத் திசுவை உடலிலிருந்து எடுத்த நாயின் குரல்வளையில் பொருத்திக் காற்றை ஊதியதும் அது அதிர்ந்து ஒலி எழுப்பியது! அது ஆய்வகச் சோதனைதான், சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

இன்றைய நிலையில் என் ஓட்டு ஊசிக்கு. அப்புறம், நம் ஓதுவார்களுக்கும் பாட்டு வாத்தியார்களுக்கும் ஒன்று: ஸ்டெம் செல்லால் குரலை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி (விட்டுவிட்டு மின்னும் ஒளியில் குரல்நாண் அதிர்வதைப் பார்க்கும் சோதனை) பாருங்கள்.