கொலம்போவா, புவாரோவா: மறுமுறைக்கு எது தாங்கும்?

ஒரே ஒரு துப்பறியும் தொடரைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் கொலம்போவை வைத்துக்கொள்வேன். கொலையாளி யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிடும் தொடரைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டு, என் முடிவை மட்டும் கடைசி வரிவரை ஒளித்துவைப்பது நியாயமாக இருக்காது.

தருமபுரியில் நாங்கள் கொலம்போ டிவிடி பெட்டியை வாங்கினோம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் புவாரோ பெட்டியை வாங்கினார். பிறகு இரண்டும் கைமாறின. அவர் வார இறுதியில் பஸ் ஏறும்போதெல்லாம் ஏதாவது ஒரு பெட்டி அவர் பையில் இருக்கும். இணையத்தில் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். இன்று அங்கே இருக்கும் தொடர் அடுத்த மாதம் இருப்பதில்லை. வாங்கிவைத்தால் நம்முடையது. ஆனால் வாங்கிவைக்கும்போதுதான் வேறொரு கேள்வி எழுகிறது: ஒரு முறை பார்த்து முடித்த பிறகு அதற்கு என்ன வேலை?

அடிப்படைத் தகவல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை லெப்டினன்ட் கொலம்போ, ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இருவர் படைத்த பாத்திரம். பீட்டர் ஃபால்க் நடிப்பில் 1968இல் ஒரு தனிப் படமாக வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிகளான என்பிசியில் 1971 முதல் 1978 வரையும், ஏபிசியில் 1989 முதல் 2003 வரையும் தொடராக வந்தது. மொத்தம் 69 படங்கள். புவாரோ, அகதா கிறிஸ்டி படைத்த பெல்ஜியத்துத் துப்பறிவாளர். டேவிட் சூஷே நடிப்பில் பிரிட்டனின் ஐடிவியில் 1989 முதல் 2013 வரை 70 படங்கள். ஆக, எண்ணிக்கையில் சண்டையில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸ் ஏன் போட்டியில் இல்லை என்று சிலர் கோபப்படலாம். 1984 முதல் 1994 வரை ஜெரமி பிரெட் நடித்த ஹோம்ஸை மிஞ்ச இன்னொருவர் வரவில்லை என்பதே என் எண்ணமும். ஆனால் வேலை முடிந்து வந்து சாய்ந்து உட்கார்ந்து பார்க்கும் துணை அல்ல அவர். நம்மையும் நிமிர்ந்து உட்காரச் சொல்கிறார். தூர்தர்ஷனில் 1993இல் வந்த இந்தித் துப்பறியும் தொடரான ப்யோம்கேஷ் பக்‌ஷிக்கு இதைவிட வலுவான உரிமை உண்டு. பாசு சட்டர்ஜி இயக்கத்தில் ரஜித் கபூர் நடித்தது. நம் நாட்டு வீடுகள், நம் நாட்டு மனிதர்கள். எங்கள் வீட்டில் இந்தி புரிந்தவர் கொழுந்தனார் ஒருவர்தான். அவர் உடனிருந்து சொல்லச் சொல்லச் சில கதைகளைப் பார்த்தேன், பிடித்தது. அவ்வளவு பார்த்ததை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

புவாரோவின் பெருமைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். படத்தை எந்த இடத்தில் நிறுத்தினாலும் சட்டம் போட்டு மாட்டலாம். 1930களின் கட்டடங்கள், விளக்குகள், தொப்பிகள், கார்கள் என்று ஒவ்வொன்றிலும் அக்கறை தெரிகிறது. சூஷேயின் குறுநடை, மெழுகிட்ட மீசை, மேசைமேல் ஒரு பொருள் கோணலாக இருந்தால் பொறுக்காத விரல்கள்: கால் நூற்றாண்டு ஒரே பாத்திரத்தை இத்தனை அக்கறையோடு சுமந்த நடிகர்கள் குறைவு. கிறிஸ்டி எழுதிய புவாரோ கதைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அவர் நடித்து முடித்துவிட்டார். சிறுகதைகளிலிருந்து எடுத்த தொடக்கப் படங்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பது கூடுதல் வசதி. கொலம்போவில் குறைந்தது ஒன்றேகால் மணி நேரம் உட்கார வேண்டும்.

இன்னொன்று நான் எதிர்பாராதது. புவாரோ கதைகளில் பெரும்பாலும் உயில், சொத்து, இரண்டாம் மனைவி, வெளிநாட்டிலிருந்து திடீரென்று திரும்பும் மகன். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஆங்கிலம் தெரியாது. ஆனால் பாத்திரங்களின் பெயர்களை விட்டுவிட்டு, 'இவன் கிழவரின் தம்பி மகன், அவள் மூத்த தாரத்து மகள்' என்று உறவுமுறையில் சொன்னால் போதும், பத்துப் பேர் நிறைந்த மாளிகையும் அவருக்குப் பிடிபட்டுவிடும். பங்காளித் தகராறுகளைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்த உலகம் அந்நியமில்லை.

பிறகு ஏன் கொலம்போ?

மறுமுறை பார்ப்பதுதான் காரணம். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

கொலையாளி யார் என்ற கதையில் எல்லா முதலீடும் ஒரே ரகசியத்தில் இருக்கிறது. அனைவரையும் கூடத்தில் உட்காரவைத்துப் புவாரோ பேசத் தொடங்கும் அந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான் மீதியெல்லாம் கட்டப்பட்டிருக்கிறது. ரகசியம் வெளியே வந்த பிறகு அழகு மிஞ்சுகிறது, நடிப்பு மிஞ்சுகிறது, பதற்றம் மிஞ்சுவதில்லை. கொழுந்தனார் இதை ஏற்பதில்லை. "அண்ணி, இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தடயங்களை எப்படி நம் கண்ணெதிரே போட்டுவைத்தார்கள் என்பது தெரியும். அதுதான் உண்மையான விருந்து" என்பார். அவர் சொல்வது சரி. இரண்டாம் முறை உண்டு. மூன்றாம் முறைதான் இல்லை.

சில ஆண்டுகள் கழித்தால் மறந்துவிடாதா என்று கேட்கலாம். எனக்கு மறந்துவிடும். அத்தைக்கு மறக்காது. உறவினர் யாராவது வந்து முதல் முறையாகப் புவாரோவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த டாக்டர்தானே, விஷம் வைத்தவன்" என்று சொல்லிவிட்டுப் போவார். அத்தோடு அந்த மாலை முடிந்தது. கொலம்போவில் அவர் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், ஒன்றும் கெடாது.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கொலம்போ கதை ஒன்றை நான் இங்கேயே சொல்லிவிட முடியும். 1971 செப்டம்பரில் ஒளிபரப்பான முதல் தொடர்ப்படத்தில் இரண்டு துப்பறியும் கதாசிரியர்கள் கூட்டாக எழுதிப் புகழ்பெற்றவர்கள். உண்மையில் எழுதுவது ஒருவர்தான், மற்றவர் கைகுலுக்கிப் பேட்டி கொடுப்பவர். எழுதுகிறவர் தனியாகப் பிரிய நினைக்கிறார். பேட்டி கொடுப்பவர் அவரைத் தொலைவில் உள்ள தன் ஏரிக்கரை வீட்டுக்கு அழைத்துப் போய், அலுவலகத்தில் இருப்பதாக மனைவியிடம் தொலைபேசியில் சொல்லவைத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிடுகிறார். இயக்கியவர் 24 வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். தொடக்கத்தில் இசையே இல்லை. தட்டச்சு இயந்திரத்தின் ஓசைமேல் ஒரு கார் ஊர்ந்து வருகிறது. இவ்வளவும் சொன்ன பிறகும் உங்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. புவாரோ கதை ஒன்றை இப்படிச் சொன்னால் கொழுந்தனார் என்னோடு பேசமாட்டார்.

ஏன் குறைவதில்லை? யார், எப்படி என்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. 'இவர் எப்போது கண்டுகொண்டார்' என்ற கேள்வி மட்டும் திறந்தே இருக்கிறது. அதற்குத் தொடர் நேரடியாகப் பதில் சொல்வது அரிது. மேலே சொன்ன கதையில், கூட்டாளியின் சடலம் தன் வீட்டுப் புல்வெளியில் கிடந்து, காவல்துறைக்கும் சொல்லியாகிவிட்ட நேரத்தில், அந்த மனிதர் தனக்கு வந்த தபால்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். முதல் முறை நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை பார்த்தபோது கொலையாளியை விட்டுவிட்டு ஃபால்க்கின் முகத்தை மட்டும் பார்த்தேன். சுருட்டைத் தேடுகிறார், தீப்பெட்டி கேட்கிறார், மனைவியைப் பற்றி ஏதோ சொல்கிறார். இதில் எது உண்மையான மறதி, எது வலை? அந்த மனைவி ஒரு காட்சியிலும் வருவதில்லை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றே எங்கள் வீட்டில் கட்சி பிரிந்திருக்கிறது. வாசல்வரை போய், கைப்பிடியைத் தொட்டு, 'இன்னும் ஒரே ஒரு விஷயம்' என்று திரும்பும் அந்தத் திருப்பம் வரும் என்று தெரிந்தே காத்திருக்கிறோம். தெரிந்திருப்பதால்தான் இன்னும் பிடிக்கிறது.

இது லெவின்சனும் லிங்க்கும் கண்டுபிடித்த வழியல்ல. ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912இல் வந்த தன் சிறுகதைத் தொகுப்பிலேயே குற்றத்தை முதலிலும் துப்பறிதலைப் பிறகும் வைத்துக் காட்டிவிட்டார். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரிதான் கொலம்போவுக்கு ஒரு முன்மாதிரி. அந்த நாவலைத் தமிழில் படித்தவர்களுக்கு உடனே விளங்கும்: அங்கேயும் குற்றவாளி நமக்குத் தெரியும், அதிகாரியின் பேச்சில்தான் மூச்சு முட்டுகிறது.

கொலையாளிகள் எல்லாரும் பெரிய மனிதர்கள்: அறுவை மருத்துவர், இசை நடத்துநர், அரசியல்வாதி. நீச்சல்குளம் வைத்த மாளிகைக்குள் கசங்கிய மழைக்கோட்டோடு இவர் நுழைகிறார். அந்தக் கோட்டு ஃபால்க்கின் சொந்தக் கோட்டு. மூன்று வயதில் ஒரு கண்ணை இழந்தவர் என்பதால் அந்தச் சாய்ந்த பார்வையும் அவருடையதே. வெளியே நிற்கும் பழைய பெஜோ 403 காரைப் பார்க்கும்போதெல்லாம், ஓசூரில் செய்த டிவிஎஸ் 50 வண்டியில் துணிப்பையோடு பெரிய பண்ணைவீட்டு வாசலில் வந்து இறங்கும் வருவாய் ஆய்வாளர் ஒருவர் எனக்கு நினைவுக்கு வருவார். உள்ளே இருப்பவர்கள் காபி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைப்பார்கள். இவர் காபியைக் குடித்துவிட்டு, புல எண்ணை இன்னொரு முறை கேட்பார்.

அத்தைக்குப் பிடித்த படம் 1977இல் வந்தது. ரூத் கார்டன் நடித்த முதிய பெண் எழுத்தாளர், தன் உடன்பிறந்தவரின் செல்ல மகளைக் கொன்றவன் என்று தான் நம்பும் அவள் கணவனைக் காற்றுப்புகாத பெட்டக அறைக்குள் பூட்டிவிடுகிறார். "அந்த அம்மாவை அவன் விட்டுவிட்டால்தான் என்ன?" என்பது அத்தையின் கட்சி. ஒவ்வொரு முறையும் அதையே கேட்கிறார். லெப்டினன்ட் ஒவ்வொரு முறையும் விடுவதில்லை. மேடைமேல் கையைக் கட்டிக்கொண்டு குற்றவாளியைச் சுட்டும் வேலை இங்கே இல்லை. பிடிப்பவருக்கும் பிடிபடுபவருக்கும் நடுவே மரியாதை இருக்கிறது, சில சமயம் வருத்தமும்.

சின்னச் சின்ன வசதிகளும் உண்டு. துப்பாக்கிச் சண்டை இல்லை, ரத்தம் மிகக் குறைவு, பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் சங்கடமில்லை. மின்சாரம் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தாலும் கதையை மறுபடி பிடித்துக்கொள்ளலாம். புவாரோவில் பத்து நிமிடம் போனால் ஒரு பிணம் கூடியிருக்கும்.

இனி குறைகள். கொலம்போவை ஒரே இரவில் இரண்டு பார்க்கக் கூடாது. அச்சு ஒன்றுதான் என்பது அப்போது உறுத்தத் தொடங்கும். இரண்டு மணி நேர ஒளிபரப்பு இடத்தை நிரப்புவதற்காக இழுத்த படங்களில் நடுப்பகுதி தொய்வதும் உண்மை. 1989க்குப் பிறகு வந்தவற்றில் நான் பார்த்தவை சிலவே. பார்த்தவற்றில் ஃபால்க் தன்னைத்தானே நகல் எடுப்பதுபோல் இருந்தது. முழுவதும் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். புவாரோவின் கடைசி ஆண்டுப் படங்களும் எனக்கு அரைகுறைதான். நகைச்சுவை குறைந்து இருட்டுக் கூடியது என்ற அளவில் சொல்ல முடியும். கொழுந்தனாரோ அவற்றைத்தான் உச்சம் என்கிறார்.

புதிர்தான் வேண்டும், தாள் பென்சிலோடு உட்கார்ந்து சந்தேக நபர்களைக் கழித்துக்கொண்டே வர வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் புவாரோவை எடுக்கலாம். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். வாங்கிவைத்து ஆண்டுக்கணக்கில் எடுத்து எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத்தான் என் பரிந்துரை.

கொலம்போவை எதிலிருந்து தொடங்குவது? 1968 படத்திலிருந்து வேண்டாம். அதில் லெப்டினன்ட் இன்னும் விறைப்பாக, சீவிய தலையோடு, சற்று அதட்டுபவராக இருக்கிறார். பழகிய பிறகு பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் ரசிக்கும். 1973இல் வந்த திராட்சை மது ஆலையை நடத்துபவரின் கதையை முதலில் எடுங்கள். டொனால்டு பிளெசன்ஸ் நடித்தது. ஆலையை விற்கத் துணிந்த, மாற்றாந்தாய் மகனான சகோதரனைக் கட்டி, மதுப் பாதாள அறைக்குள் போட்டு, காற்றுக் கருவியை நிறுத்திவிட்டுப் போகிறார். எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பதை மட்டும் நான் சொல்லப் போவதில்லை.