ஆசிரியரை எதை வைத்து அளப்பது? மாணவர் வளர்ச்சிக் கணக்கும் அதற்கு மாற்றுகளும்

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்தில் ஒரு தமிழ் வகுப்பு, அதில் எட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டிறுதித் தேர்வன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். வழக்கமாக வாங்குவதைவிட 24 மதிப்பெண் குறைந்துவிடுகிறது. வகுப்புச் சராசரி 3 மதிப்பெண் சரியும். அதே காய்ச்சல் 40 பேர் இருக்கும் கணித வகுப்பில் வந்தால் சரிவு 0.6 தான். இரண்டு ஆசிரியர்களும் ஒரே அளவு உழைத்திருக்கலாம். ஆனால் "உங்கள் மாணவர்கள் இந்த ஆண்டு எவ்வளவு முன்னேறினார்கள்?" என்பதற்கு எண்ணில் பதில் கேட்டால் தமிழாசிரியர்தான் பின்னால் நிற்பார். மறு ஆண்டு ஒரு பிள்ளையின் பாட்டி ஊரிலிருந்து வந்து வீட்டோடு தங்கி, நாள் முழுக்கத் தமிழில் பேசுகிறார் என்றால், அதே ஆசிரியரின் எண் சட்டென்று ஏறிவிடும். இரண்டு ஆண்டிலும் அவர் பாடம் நடத்திய விதத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இதைச் சொல்வதால் மாணவர் வளர்ச்சியை வைத்து ஆசிரியரை மதிப்பிடுவது தவறான எண்ணம் என்று நான் வாதிட வரவில்லை. வெறும் தேர்வு முடிவை வைத்து மதிப்பிடுவதைவிட அது எவ்வளவோ நியாயமானது. 45 மதிப்பெண்ணோடு வந்த பிள்ளையை 62க்குக் கொண்டுவந்தவரை விட்டுவிட்டு, 91ஐ 92 ஆக்கியவரைப் பாராட்டுவது சரியில்லை என்று பெற்றோருக்கும் தெரியும். வளர்ச்சியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் கணக்கிடுவது, எப்படிக் கணக்கிடுவது, அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

வேல்யூ ஆடட் கணக்கு

வேல்யூ ஆடட், அதாவது மாணவரின் வளர்ச்சியில் ஆசிரியர் கூட்டிய மதிப்பு என்ற கணக்கின் ஊற்று அமெரிக்காவின் டென்னசி மாநிலம். அங்கே வேளாண் துறைப் புள்ளியியலில் இருந்த வில்லியம் சாண்டர்ஸ் உருவாக்கிய முறையை 1992இல் அந்த மாநிலம் கல்விச் சட்டத்திலேயே சேர்த்தது. ஒரு மாணவரின் முந்தைய ஆண்டு மதிப்பெண்களை வைத்து, இந்த ஆண்டு அவர் எவ்வளவு வாங்குவார் என்று கணித்துக்கொள்கிறார்கள். உண்மையில் வாங்கியதற்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பு முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதுவே அந்த ஆசிரியரின் பங்கு.

இந்த முறையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்காஃப் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு சுமார் 25 லட்சம் பிள்ளைகளின் தரவைப் பின்தொடர்ந்தது. கடைசி 5 விழுக்காட்டில் இருக்கும் ஓர் ஆசிரியரின் இடத்தில் சராசரி ஆசிரியர் ஒருவர் வந்தாலே, அந்த ஒரு வகுப்பு மாணவர்களின் வாழ்நாள் வருமானம் மொத்தமாகச் சுமார் 250,000 அமெரிக்க டாலர் கூடும் என்பது அவர்கள் கண்டது. நல்ல ஆசிரியர் வாழ்க்கையை மாற்றுவார் என்று நாம் காலம்காலமாகச் சொல்லிவருவதற்கு எண்ணிலேயே சான்று கிடைத்தது போல. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்தக் கணக்கு உண்மையைப் பேசுகிறது.

தனி ஓர் ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது அதே கணக்கு தடுமாறுகிறது. ஒரே ஓர் ஆண்டுத் தரவை வைத்து ஓர் ஆசிரியரைச் சராசரியோடு ஒப்பிட்டால் பிழை நேரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு, மூன்றாண்டுத் தரவு இருந்தாலும் சுமார் 25 விழுக்காடு என்று அமெரிக்கக் கல்வித் துறைக்காக 2010இல் செய்த ஆய்வு ஒன்று சொன்னது. மூன்றாண்டு கண்காணித்த பிறகும் நான்கில் ஒரு முடிவு தவறாகப் போகலாம் என்றால், அதை வைத்து ஒருவருடைய போனஸைத் தீர்மானிக்கலாமா? அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2014இல் எச்சரிக்கை விடுத்தது. மாணவர் மதிப்பெண்களில் காணும் ஏற்றத்தாழ்வில் 1 முதல் 14 விழுக்காடு வரைதான் ஆசிரியரால் வருகிறது என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு என்று அது சுட்டிக்காட்டியது.

நியூயார்க் மாநிலத்தில் ஷெரி லெடர்மன் என்ற நான்காம் வகுப்பு ஆசிரியைக்கு நேர்ந்தது இதற்கு நல்ல உதாரணம். ஓர் ஆண்டு அவருடைய வளர்ச்சி மதிப்பெண் 20க்கு 14. அடுத்த ஆண்டு 20க்கு 1. அவருடைய மாணவர்கள் இரண்டு ஆண்டிலும் மாநிலச் சராசரியைவிட மிக உயரத்தில் இருந்தார்கள். ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவர்கள் இன்னும் எங்கே ஏறுவது? அவர் வழக்குத் தொடர்ந்தார். 2016இல் நீதிமன்றம் அந்த மதிப்பெண்ணுக்கு நியாயமான அடிப்படை இல்லை என்று சொல்லி அதை ரத்து செய்தது. ஹியூஸ்டன் நகரிலோ, கணக்குப் போட்ட நிறுவனம் தன் சூத்திரத்தை வணிக ரகசியமாக வைத்திருந்தது. தன் மதிப்பெண் சரியா என்று ஆசிரியர் சரிபார்க்கவே வழியில்லை. 2017இல் நீதிமன்றம் ஆசிரியர்களின் வாதத்தில் பொருள் இருக்கிறது என்று ஏற்ற பிறகு, அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

வளர்ச்சி சதமானம்

கொலராடோ மாநிலத்துக்காக டேமியன் பெட்டபென்னர் வடிவமைத்த இந்த முறை, முன்னதைவிடப் புரிய எளிது. முன்பு ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை ஒரு குழுவாக எடுத்துக்கொண்டு, அவர்களுக்குள் இந்தப் பிள்ளை இப்போது எத்தனையாவது சதமானத்தில் நிற்கிறது, அதாவது நூற்றுக்கு எத்தனை பேரை முந்தி நிற்கிறது என்று பார்க்கிறார்கள். வகுப்பின் நடு எண் ஆசிரியருக்குப் போகிறது. பெற்றோரிடம் இதை இரண்டே நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆனால் வீட்டுச் சூழல், வறுமை போன்றவற்றை இது பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டுப் பேர் வகுப்பில் நடு எண் என்பது நான்காவது, ஐந்தாவது பிள்ளைகளுக்கு இடையில் நிற்கும் எண், அவ்வளவுதான்.

இங்கே அதற்கு மூலப்பொருள் உண்டா?

இந்த இரண்டு கணக்குக்கும் ஆண்டுதோறும் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு தேர்வு வேண்டும். அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அது உண்டு. சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் 2019 முதல் தேர்வே கிடையாது. அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப் பள்ளி இரண்டிலும் முழுவதும் நீங்கின. மூன்று முதல் ஐந்து வரை ஆண்டிறுதித் தாளை அந்தந்தப் பள்ளியே தயாரிக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக வரும் முதல் தேர்வு, தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ.தான். அதன் பிறகு நாலைந்து ஆண்டு கழித்துத்தான் அடுத்த பொதுத் தேர்வு. அதற்குள் ஒரு பிள்ளை எத்தனை தமிழாசிரியர்களிடம் படித்திருக்கும்! அந்த வளர்ச்சியில் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க யாராலும் முடியாது. ஒரு காலத்தில் வேல்யூ ஆடட் விருதுகள் இங்கும் இருந்தன. அவை போனது பள்ளிகளுக்கு, தனி ஆசிரியர்களுக்கு அல்ல. 2012இல் கல்வி அமைச்சு பள்ளிகளை முடிவுகளை வைத்துத் தரம் பிரிப்பதையே கைவிட்டது.

பி.எஸ்.எல்.இ.யில் மதிப்பெண்களைப் படிகளாகப் பிரிக்க 2021இல் வந்த ஏஎல் தரநிலைகளையும் பாருங்கள். 45 முதல் 64 வரை எல்லாமே ஏஎல் 6. 46இல் இருந்து 64க்கு வந்த பிள்ளையின் 18 மதிப்பெண் உழைப்பு அதில் தெரியாது. 64இல் இருந்து 65க்கு வந்த பிள்ளைக்கு ஒரு படி ஏற்றம். பிள்ளைகளைத் தேவையில்லாமல் நுணுக்கி வேறுபடுத்தக் கூடாது என்பதற்காகவே இப்படி அமைத்தார்கள், அது நல்ல நோக்கம். ஆனால் அதே அளவுகோலை ஆசிரியரின் பங்கை அளக்க எடுத்தால், லாரியை எடைபோடும் மேடையில் தங்கச் சங்கிலியை வைத்துப் பார்ப்பதாகிவிடும்.

ஆக, வளர்ச்சிக் கணக்கை இங்கே கொண்டுவருவதற்கு விலை, நாம் கஷ்டப்பட்டுக் குறைத்த தேர்வுகளைத் திரும்பக் கொண்டுவருவது. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தேர்வு வைத்து ஆசிரியரை அளப்பதை நான் ஏற்க மாட்டேன்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் சுமார் 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம், தமிழ் சுமார் 28 விழுக்காடுதான். ஒரே வகுப்பில் வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளையும், தமிழாசிரியரைத் தவிர வேறு யாரிடமும் தமிழ் பேசாத பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். துணைப்பாட வகுப்பு வேறு. 2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளி செலவிடுகின்றன. பிள்ளை வளர்ந்தது பள்ளியிலா, சனிக்கிழமை காலை சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் வகுப்பிலா, அடுத்த புளோக் அக்காவின் வீட்டிலா என்று எந்தச் சூத்திரம் சொல்லும்?

எண் முக்கியமானால் ஆசிரியரின் கை எங்கே போகும் என்பதும் எனக்குக் கவலை. தடுமாறும் பிள்ளையை எளிய நிலைப் பாடமான அடிப்படைத் தமிழுக்கு அனுப்பிவிட்டால் வகுப்பின் எண் நிமிரும். அந்தப் பிள்ளைக்கு அடிப்படைத் தமிழ் உண்மையிலேயே பொருத்தமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முடிவு எடுப்பவருக்கு அதில் சொந்த லாபம் இருக்கவே கூடாது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் தேர்வு எண் அழுத்தம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது 2011இல் வெளிவந்த விசாரணை அறிக்கையில் இருக்கிறது. மாணவர்களின் விடைத்தாள்களில் தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துச் சரியானதாக மாற்றியிருந்தார்கள்.

சிங்கப்பூர் வழி

நம் பள்ளிகளில் உள்ளது 2000களின் முற்பகுதியில் வந்த மேம்படுத்தப்பட்ட செயல்திறன் நிர்வாக முறை, ஆசிரியர்கள் பேச்சில் ஈ.பி.எம்.எஸ். ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் தன் இலக்குகளை எழுதுகிறார். நடுவில் ஒரு சந்திப்பு, முடிவில் மதிப்பீடு. பாட முன்னேற்றம் அதில் ஒரு பகுதி. பிள்ளையின் பண்பு வளர்ச்சி, பெற்றோரோடும் சமூகத்தோடும் சேர்ந்து வேலை செய்வது, சக ஆசிரியர்களுக்கு உதவுவது எல்லாமே கணக்கில் வரும். 'முழு மனிதனாகப் பிள்ளையை வளர்ப்பது' என்பதே அதன் மையத் திறன். கடைசியில் ஒரு கிரேடு, அதை ஒட்டி போனஸ்.

வளர்ச்சிக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் பலம் தெளிவாகத் தெரிகிறது. எட்டுப் பேர் வகுப்பில் காய்ச்சல் வந்த பிள்ளையைப் பற்றி ஆசிரியர் வாய்திறந்து சொல்ல இங்கே இடம் உண்டு. "போன ஜனவரியில் இந்தப் பிள்ளை ஒரு வாக்கியம்கூடப் பேசாது, இப்போது படத்தைப் பார்த்துத் தானாகவே பேசுகிறது" என்பதும் சான்றாகும். பி.எஸ்.எல்.இ. தமிழில் மொத்தம் 200 மதிப்பெண்ணில் வாய்மொழிக்கு 50 தருகிறோம். பேச்சில் பிறக்கும் அந்தத் துணிச்சல் பெரும்பாலும் எந்த வளர்ச்சிச் சூத்திரத்திலும் ஏறாது.

பலவீனமும் உண்டு, அதை மூடி மறைக்கக் கூடாது. எல்லாமே மேலே இருப்பவர் என்ன பார்த்தார், என்ன நினைவில் வைத்திருக்கிறார் என்பதில் தொங்குகிறது. தமிழ் மொழி மாதக் கொண்டாட்டத்தை மேடையில் நடத்துபவர் எல்லார் கண்ணிலும் படுவார். பின்வரிசைப் பிள்ளையோடு ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசிக்க வைப்பவர் யார் கண்ணிலும் படமாட்டார். பல பள்ளிகளில் தமிழாசிரியர் இரண்டு மூன்று பேர்தான், சில இடங்களில் ஒருவரே. அவரை மதிப்பிடும் அதிகாரிக்குத் தமிழே தெரியாமல் இருக்கலாம். பாடத்தைக் கவனித்தாலும், கேட்ட கேள்வி கூர்மையானதா, பிள்ளையின் பதில் வளர்ந்திருக்கிறதா என்று அவரால் எடைபோட முடியாது. வகுப்பு அமைதியாக இருந்ததா, பிள்ளைகள் கை தூக்கினார்களா என்பதை மட்டும் பார்ப்பார். இந்த முறையில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

கவனிப்பும் மாணவர் கருத்தும்

கேட்ஸ் அறக்கட்டளை சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து நடத்தி 2013இல் முடித்த ஆய்வு, மதிப்பெண் வளர்ச்சி, வகுப்புக் கவனிப்பு, மாணவர் கருத்துக்கணிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தது. எனக்குப் பயன்பட்ட செய்தி ஒன்று: ஒரே ஒருவர் ஒரே ஒரு பாடத்தைப் பார்த்துத் தரும் மதிப்பு நம்பகமானதில்லை, வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு பாடங்களைப் பார்த்தால் மதிப்பு நிலைபெறும். மாணவர்களை ஒழுங்காகக் கேட்டால் அவர்கள் சொல்வதும் பெரியவர்கள் நினைப்பதைவிட நம்பகமானது. அதே அறக்கட்டளை இந்த அடிப்படையில் சில மாவட்டங்களில் தொடங்கிய திட்டத்துக்கு மொத்தம் சுமார் 575 மில்லியன் டாலர் செலவானது. மாணவர் தேர்ச்சியில் எதிர்பார்த்த உயர்வு வரவில்லை என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2018இல் எழுதியது. மதிப்பீட்டை மட்டும் மாற்றினால் கற்பித்தல் மாறிவிடாது என்பதற்கு அதைவிட விலையுயர்ந்த பாடம் கிடைக்காது.

என் தேர்வு

ஆசிரியரின் கிரேடையும் போனஸையும் முடிவு செய்ய இந்த வழிகளில் எதைத் தேர்வு செய்வீர்கள் என்று கேட்டால், இலக்கு, சந்திப்பு, சான்று என்று போகும் சிங்கப்பூர் வழியைத்தான் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. தமிழாசிரியரின் பாடத்தைப் பார்க்கத் தமிழ் தெரிந்த ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அந்தப் பள்ளியில் ஆள் இல்லை என்றால் பக்கத்துப் பள்ளி மூத்த ஆசிரியரோ, உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தோடு இணைந்து பணியாற்றும் அனுபவமிக்க ஆசிரியரோ ஆண்டில் இரண்டு மூன்று முறை, வெவ்வேறு பாடங்களுக்கு வரட்டும். இது செலவுதான், நேரமும் பிடிக்கும். ஆனால் தேர்வைத் திரும்பக் கொண்டுவருவதோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு.

வளர்ச்சி எண்ணை முழுக்கத் தூக்கிப்போடவும் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நாலைந்தின் தமிழ் வகுப்புகளைச் சேர்த்து, மூன்றாண்டு சராசரியாக, வாசிப்பிலும் பேச்சிலும் பிள்ளைகள் எங்கே தொடங்கி எங்கே வந்தார்கள் என்று பார்த்தால், எண்கள் சற்று நிலையாக இருக்கும், சொல்வதற்கும் ஏதாவது இருக்கும். கருத்தறிதலில் எல்லாப் பள்ளியும் பின்தங்கினால் அது பாடத்திட்டத்தின் பிரச்சினை. ஒரு பள்ளி மட்டும் பின்தங்கினால் அங்கே போய்ப் பேச ஒரு காரணம். அந்த எண்ணைப் பார்க்க வேண்டியவர்கள் ஆசிரியரும் அவருக்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியரும்தான். போனஸ் முடிவெடுக்கும் குழுவின் மேசைக்கு அது போகத் தேவையில்லை.